அம்மாவின் ரத்தமும் என் வடாபாவும்

எட்டாம் வகுப்பில் நான் ரத்த நிபுணனாக இருந்தேன். அந்தப் பதவியை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. அதனால் யாராலும் பறிக்கவும் முடியவில்லை. பிற்காலத்தில் கிரிக்கெட்டிலும் அரசியலிலும் நிபுணனாகியிருக்கிறேன் என்றாலும், ரத்தத்தில் காட்டிய தன்னம்பிக்கையை வேறெதிலும் காட்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மராத்தி பேசும் ஊரான தாபோடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பிம்ப்ரியில் ஷிப்டு வேலை, வியாழக்கிழமை விடுமுறை. திருநெல்வேலியை விட்டு வந்து மூன்று வருடமாகியும் அம்மாவின் இந்தி ‘கித்னா’, ‘நஹி’, அதாவது ‘எவ்வளவு’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்களோடு நின்றிருந்தது. காய்கறிக்காரரை வீழ்த்த அதற்கு மேல் தேவைப்படவுமில்லை. மற்ற இடங்களுக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளன் நான்.

ஒருநாள் அம்மா தண்ணீர் வாளியோடு படி ஏறும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் சோதித்தார், ஹீமோகுளோபின் எட்டு என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். ஏழுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். அதை நான் மொழிபெயர்த்ததும் அம்மாவின் முகத்தில் இருந்த மிச்ச ரத்தமும் வடிந்தது. ஊரில் அவளுடைய அத்தை ஒருத்தி ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போய்த் திரும்பி வராதவள்.

நான் பயப்படவில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய தடித்த உடற்கூறுப் புத்தகம் ஒன்று என் வசம் இருந்தது. அன்று மாலையே அம்மாவை உட்காரவைத்து வகுப்பெடுத்தேன்.

ரத்தம் இதயத்தில் ஊறுவதில்லை, எலும்புக்குள் ஊறுகிறது. இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, முதுகெலும்பு, இவற்றின் மஜ்ஜைதான் தொழிற்சாலை. உடம்பில் பிராணவாயு குறைந்தால் முதலில் மோப்பம் பிடிப்பது சிறுநீரகம். உற்பத்தியைக் கூட்டு என்று அது ஒரு ஹார்மோன் வழியாக மஜ்ஜைக்கு உத்தரவு அனுப்பும். உடனே அங்குள்ள மூலச்செல்கள் பெருகி, படிப்படியாக மாறி, வயிறு நிறைய ஹீமோகுளோபினை அடைத்துக்கொள்ளும். கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டுத்தான் சிவப்பணு ரத்தத்தில் இறங்கும். நூற்றிருபது நாள் பிராணவாயு சுமந்தபின் அதற்கு ஓய்வு. அதிலிருக்கும் இரும்பைக்கூட உடம்பு வீணாக்காது. அடுத்த அணுவுக்கு எடுத்துக்கொள்ளும்.

“உட்கருன்னா என்னல?”

“அணுவோட மூளை மாதிரிம்மா.”

“மூளையைக் கழத்தி வெச்சிட்டுத்தான் வேலைக்குப் போவுமாக்கும்? அப்ப உங்கப்பா அசல் சிவப்பணுதாம்ல.”

பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிவப்பணு பக்கத்தைத் திருப்பியது.

மறுநாள் முதல் மஜ்ஜையின் நிர்வாகத்தை நானே ஏற்றேன். தினம் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட். மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு என் கண்முன்னே விழுங்க வேண்டும். காபி இரும்பைச் சேரவிடாது என்பதால் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி கிடையாது. நோய்வந்தும் அழாத அம்மா இதற்குக் கண்கலங்கினாள். இரண்டாம் மாதச் சோதனையில் ஏழரை. மூன்றாம் மாதம் ஏழு.

புத்தகம் பொய் சொல்லாது. அம்மா ரகசியமாகக் காபி குடிக்கிறாள் என்று முடிவுசெய்து ஃபில்டரை ஒளித்துவைத்தேன்.

இந்தக் கஷ்டகாலத்தில் ஒரு நல்ல காலமும் நடந்துகொண்டிருந்தது. மாதத்தில் சில நாள் அம்மா அடுக்களைக்குள் வரமாட்டாள். தனித் தட்டு, தனி டம்ளரோடு பின்னறையில் பாய்விரித்து வாரப் பத்திரிகை படிப்பாள். அப்பாவுக்கு வியாழக்கிழமை மாதிரி அம்மாவுக்கும் ஒரு விடுமுறை என்று நானாகவே புரிந்துகொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே சமையல் ரசம்; அவராலேயே அதைக் குடிக்க முடியாது. ஆகவே அந்த நாட்களில் பன்னுக்குள் உருளைக்கிழங்கு போண்டா வைத்த வடாபாவ் வாங்கி வருவார். அந்தத் தேதிகளைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவது என் வழக்கம். முதலில் மாதத்துக்கு மூன்று வட்டம்தான். பிறகு ஐந்து, ஏழு, பத்து. வீட்டில் செழிப்பு கூடுகிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் சோதனை முடிந்தபோது டாக்டரம்மா யோசனையாக என் பக்கம் திரும்பினார். அம்மாவுக்கு மாதாமாதம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா, எத்தனை நாள் என்று இந்தியில் கேட்டார். மாதாமாதம் என்றால் எனக்குத் தெரிந்தது சம்பளமும் ரேஷனும்தான். கேட்டதைக் கேட்டபடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மேஜைவிரிப்பைப் பார்த்தாள்.

“மூணுன்னு சொல்லு. எல்லாம் சரியாத்தாம் இருக்குன்னு சொல்லுல.”

“தீன் தின். சப் பராபர்,” என்றேன். கேட்காமலே சிறுநீரக ஹார்மோனைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னேன்.

“அரே வா, சோட்டா டாக்டர்!” நான் குட்டி டாக்டராம். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மாத்திரையை மாற்றி எழுதினார்.

அந்த வாரம் கீழ்வீட்டு மாவ்ஷி உறைமோர் கேட்டு வந்தார். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. எங்கள் கட்டடத்துக்கே அவர் சித்தி. சுவரில் காலண்டரைப் பார்த்து, இதென்ன வட்டம் என்று கேட்டார். அம்மாவின் விடுமுறை நாட்கள், அன்றைக்கெல்லாம் வடாபாவ் என்று பெருமையாகச் சொன்னேன். மாவ்ஷி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வட்டங்களை விரலால் எண்ணினார். முந்தைய மாதங்களைப் புரட்டி அவற்றையும் எண்ணினார்.

“அகோ, தஹா திவஸ்!” என்றார். பத்து நாளா! பிறகு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் மாவ்ஷி அம்மாவைக் கையோடு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். நானும் செருப்பை மாட்டினேன்.

“தூ நகோ. நீ வேண்டாம்,” என்றார் மாவ்ஷி.

அம்மாவுக்கு மராத்தி தெரியாது, மாவ்ஷிக்குத் தமிழ் தெரியாது. இவர்கள் என்ன பேசிக் கிழிக்கப் போகிறார்கள் என்று குமுறினேன். எப்படியோ பேசியிருக்கிறார்கள். அடுத்த மாதம் அம்மா வயிற்றுவலி என்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். கருப்பையில் இருந்த ஒரு சிறு கட்டியை எடுத்தார்கள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது.

ஹீமோகுளோபின் ஒன்பதாயிற்று, பத்தாயிற்று, பதினொன்றைத் தொட்டது. முருங்கைக்கீரையின் வெற்றி என்று வகுப்பில் அறிவித்தேன். ஃபில்டரையும் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் காலண்டரில் வட்டங்கள் மூன்றாகச் சுருங்கிவிட்டிருந்தன. சில மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம் முறையிட்டேன்.

“முன்னமாதிரி மாசம் பத்து நாள் வந்தா என்னப்பா?”

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா என்னைத் திட்டவில்லை. இன்னொரு கரண்டி முருங்கைக்கீரையை என் தட்டில் போட்டாள்.

“சாப்பிடுல, டாக்டரு,” என்றாள்.

ரத்தம் ஊறும் வழியெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்று நான் கேட்டது எதை என்பது மட்டும் தெரியாது.