அறுபத்தோராவது பிள்ளை

ஜெயசிங் சார் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தக்கலைப் பக்கத்தில் எங்கள் அரசு நடுநிலைப்பள்ளி. ஓலைக் கூரையும் ஒற்றை வாத்தியாருமாகத் தொடங்கி, இஞ்ஞாசி சார் என்ற தலைமையாசிரியர் காலத்தில் எட்டாம் வகுப்பு வரை வளர்ந்தது. அங்கேயே படித்து, அங்கேயே ஆசிரியராக வந்து, தலைமையாசிரியரும் ஆனவர் ஜெயசிங் சார். சின்னப் பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கவென்றே சட்டைப் பையில் ஒரு துணி வைத்திருப்பார். நல்ல மனுசன்தான். அதுதான் எரிச்சல்.

போன வருடம் ஜூலை முப்பத்தொன்று. ஐந்தாம் வகுப்பு வரை அறுபத்தொரு பிள்ளைகள் இருந்தால்தான் மூன்றாவது ஆசிரியர் பணியிடம் நிற்கும். மாலை ஐந்து மணிக்குள் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இருந்தது அறுபது. அந்த மூன்றாவது ஆசிரியர் நான்தான், ஜெனிலா. வீட்டில் எட்டு மாதப் பால்குடிப் பிள்ளை. எங்கே தூக்கிப் போடுவார்களோ என்று காலையிலிருந்து எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நாலு மணிக்கு அஜிஷா வந்தாள். முந்திரி ஆலையில் வேலை பார்ப்பவள். தோளில் மகள் ஸ்மைலின். நாலு வயது முடிந்து ரெண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

“சாறே, இவளுக்கு அஞ்சு வயசுன்னு எழுதித் தாறேன். ஒண்ணாங் கிளாஸில சேத்துக்கிடுங்க. வீட்டில பாக்க ஆளில்ல.”

பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்தாலே போதும். எனக்கு உயிர் வந்தது. சார் படிவத்தைத் தொடவே இல்லை.

“என்னத்துக்கு சார் யோசிக்கிறிய? ஒரு பிள்ளைதானே?” என் குரல் உயர்ந்துவிட்டது.

“என்னையும் இப்பிடித்தான் சேத்தாங்க டீச்சர். கணக்குக்கு ஒரு ஆள் குறையுதுன்னு இஞ்ஞாசி சார் எங்க முற்றத்தில இருந்து தூக்கிட்டு வந்து, ஒரு வயசு கூட்டி எழுதினாரு. பள்ளிக்கூடம் பிழைச்சுது. நான் சிலேட்டுக்குச்சி பிடிக்கத் தெரியாம ரெண்டு வருஷம் அடி வாங்கினேன். டவுசர் நனையாத நாளில்ல.”

“உங்களுக்கு வாற மேயில ரிட்டயர்மெண்ட். நான் எங்க போவேன்?”

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். “பிறந்த தேதிய நீங்க எழுதுங்க. எதை எழுதினாலும் நான் கையெழுத்துப் போடுதேன்.”

அநியாயம் இல்லையா இது? தன் தலையில் இருந்ததை என் தலையில் இறக்கிவிட்டார். மணி நாலே முக்கால். அஜிஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்மைலின் விரல் சூப்பியபடி தூங்கிவிட்டிருந்தாள். என் பிள்ளையையும் நினைத்தேன், இந்தப் பிள்ளையையும் நினைத்தேன்.

அஜிஷாவிடம் கேட்டு எழுதினேன். ஸ்மைலின் பிறந்த தேதியை, உள்ளபடி.

“அங்கன்வாடியில நானே வந்து சொல்லுதேன்மா,” என்றார் சார். அஜிஷா மகளை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். சார் அறுபது என்று ஏற்றினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

ஒரே மாதத்தில் எனக்கு இடமாறுதல் ஆர்டர் வந்தது. வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி. பஸ் மாறி மாறி வீடு சேர ஏழு மணி ஆகிறது. மகள் புட்டிப்பாலுக்குப் பழகிவிட்டாள். இந்த மே மாதம் சாருக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. கூப்பிட்டார்கள், நான் போகவில்லை.

தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே அவரை மனதுக்குள் திட்டத் தொடங்குவேன். பாதியில் நின்றுவிடும். எழுதிய கை என்னுடையது.