மூடி இறங்காத மெஷின்

நாங்கள் மரவேலை செய்யும் எலெக்ட்ரானிக் சிட்டி வீட்டில் நாளை மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள். கதவுகளின் ஓரச் சட்டம் இன்னும் பாக்கி. அதற்குள் எங்கள் பட்டறையின் ஸ்லைடிங் மைட்டர் சா, அதாவது கட்டை அறுக்கும் மெஷின், புகைந்து நின்றுவிட்டது.

புதிது வாங்க, இன்று ஆடுகோடியில் ஒரு கடைக்குப் போனோம். முதலில் பார்த்த பெரிய மெஷினே என் கணவருக்குப் பிடித்துவிட்டது. "இதையே எடுத்துக்கலாம் வாணி, டைம் இல்ல."

"ஓட்டிக் காட்டுங்கண்ணா" என்றேன் கடைக்காரரிடம்.

ஒரு கட்டையை அறுத்தார். சுத்தமான வெட்டு. ஆனால் கைப்பிடியை மேலே தூக்கியதும், தானாக இறங்கி பிளேடை மறைக்க வேண்டிய மூடி பாதியிலேயே சிக்கிக்கொண்டது. பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வெட்டைத் தடவிப் பார்க்க என் கணவர் கையை நீட்டினார்.

நான் போட்ட கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது. இவர் சட்டை என் பிடியில் இருந்தது.

"புது பீஸ் மேடம், போகப் போக சரியாயிடும். சும்னே பயப்படுறீங்க" என்றார் கடைக்காரர், பாதிக் கன்னடத்தில்.

"அதுக்குள்ள விரல் போயிடும்ண்ணா. அந்தச் சின்னதை ஓட்டுங்க."

அதன் மூடி ஒவ்வொரு முறையும் சட்டென்று இறங்கியது. அதையே வாங்கினோம்.

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டே" என்று இன்னும் புலம்புகிறார். பத்து விரலையும் ஆட்டி ஆட்டித்தான் புலம்புகிறார்.

கடையில் புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்தவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?