மாலை போட்ட ஸ்டேட்டஸ்

தையல் மிஷினில் பாபினை மாட்டிக்கொண்டே தம்பியின் வாட்ஸப் ஸ்டேட்டஸைத் தட்டினேன். கழுத்தில் ரோஜா மாலையோடு அப்பா. கறுப்பு வெள்ளைப் படம். கீழே ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் பக்கத்தில் அப்படியொரு படம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் உண்மைதானா என்று கேட்கக்கூட மாட்டார்கள். மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அப்பாவின் செல்லுக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். அம்மாவுக்கும் தம்பிக்கும் அடித்தால் பிஸி, மறுபடியும் பிஸி. ஊரே துக்கம் விசாரிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் கடை அக்காவிடம் என் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்கு பஸ் பிடித்தேன்.

தேனியில் கம்பம் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அப்பா என்னோடு கடைசியாக என்ன பேசினார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. ஆளை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே அப்பா, மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு அப்பா என்று தம்பி ஒன்று விடாமல் ஸ்டேட்டஸில் போடுவான். நானும் ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டு அடுத்த ஜாக்கெட் துணியை எடுத்துவிடுவேன். அப்பாவைப் பார்த்தாயிற்று என்றே நினைத்திருக்கிறேன், மடச்சி. சின்னமனூர் வருவதற்குள் முந்தானை நனைந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கம்பத்தில் இன்னொரு பஸ் பிடித்து, எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியில் இறங்கி எங்கள் தெருவில் திரும்பினால், வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஆட்கள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. "அப்பா" என்று அலறிக்கொண்டே ஓடினேன்.

"ஏலே, அந்தச் செல்லைத் தூக்கிக் கெணத்துல போடுலே!"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல். தலையைக் குனிந்துகொண்டு தம்பி திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்து போர் மோட்டாரை அப்பா சரிசெய்து கொடுத்ததற்காக ஹெட்மாஸ்டர் போட்ட மாலையாம் அது. கறுப்பு வெள்ளையில் போட்டால் கெத்தாக இருக்கும் என்று அந்த மேதாவிக்குத் தோன்றியிருக்கிறது. துக்கம் விசாரித்து வந்த போன்களில் கடுப்பாகி அப்பாதான் தன் செல்லை அணைத்துப் போட்டிருக்கிறார்.

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் துக்கத்துக்கு வந்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, வாங்கி வந்த மாலையை நாற்காலிக்குக் கீழே தள்ளிக்கொண்டே சொன்னார்: "உத்தமபாளையத்துல இருந்து அழுதுக்கிட்டே வந்தேன். இந்த அண்ணன் என்னடான்னா சட்டமா உக்காந்து, சீனி போதுமான்னு கேக்குறாக!"

தம்பியை நாலு சாத்து சாத்தலாமா, கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் விட்டுவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. திட்டுகிற வாய் இருக்கிறதே, இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்றிருந்தது.

அப்பா தம்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் ஆத்தா, நான் செத்தாத்தேன் வருவியாக்கும்?"

அழுதுகொண்டே சிரித்தேன். "இன்னைக்குப் போகலப்பா. இங்கனதேன் இருக்கப் போறேன்" என்றேன்.

அப்பா உடனே உலையில் இன்னொரு ஆளுக்கு அரிசி போடச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார்.