அண்ணன் தேர்ந்தெடுத்த கண்ணாடிகள்

அண்ணனை மண்ணுக்குள் வைத்து இன்றோடு ஓராண்டு. இத்தகைய நினைவு மலர்களில் இறந்தவரைப் புகழ்ந்தும் இருப்பவர்களை வாழ்த்தியும் எழுதுவார்கள். முதலாவதற்கு மட்டுமே எனக்கு மனம் இருக்கிறது.

திண்டிவனத்துக்குத் தெற்கே, ஊரை விட்டுத் தள்ளியிருந்த சேரியில் அண்ணன் பிறந்தார். பிறர் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கப் போன எங்கள் தந்தையார் பாம்பு தீண்டி இறந்தபின், குடும்பம் அண்ணன் தோளில் விழுந்தது. கடைத்தெருவில் ஒரு தகரப் பட்டறையில் சேர்ந்து, மண்ணெண்ணெய் விளக்குகளுக்கு ஈயம் பற்றவைத்தார். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். மாதா கோயில் பள்ளியில் ஆசிரியனும் ஆனேன்.

விழுப்புரத்தில் ரயில்வே துரை ஒருவர் வீட்டிலிருந்து, உடைந்த சீமை விளக்குக் கூண்டு ஒன்று பழுதுபார்க்க வந்தது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்த கூண்டு அது. அண்ணன் அதைப் பிரித்துப் பார்த்துத் தாமே செய்யக் கற்றுக்கொண்டார். கண்ணாடிக்கு விழுப்புரம் போய், ரயில் மாறிப் புதுச்சேரி போகவேண்டும்.

முதலில் போன கடையில் அவரைப் படியேற விடவில்லை. எட்ட நின்று கை காட்டச் சொன்னார்கள். வெயிலில் பளீரென்று தெரிந்த நீலத்தைக் காட்டி வாங்கிவந்தார். விளக்கேற்றியதும் அது கருத்துப்போயிற்று. மறுமுறை ஒரு சிமினி விளக்கைக் கையோடு எடுத்துப் போனார். கடைகடையாகச் சிரித்தார்கள். கோட்டக்குப்பத்துக்காரரான ஒரு பாய் மட்டும் அவரை உள்ளே அழைத்து, “கதவைச் சாத்துனாத்தானே நெறம் தெரியும்?” என்று தாமே கதவைச் சாத்தினாராம்.

அன்று முதல் அந்தக் கடைதான். ஒவ்வொரு தகட்டையும் விளக்கின் முன் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைக்காரர்கள் கழித்துப்போடும் குமிழி விழுந்த கண்ணாடியை இவர் தேடி எடுப்பார். அதில் வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் பரவும் என்பார். பிரெஞ்சு எல்லையில் சுங்கக்காரர்கள் சுற்றியிருந்த வைக்கோலைப் பிரித்துப்போட, மீண்டும் சுற்றி, மடியில் வைத்தே வீடுவரை கொண்டுவருவார்.

யுத்தம் வந்து, கண்ணாடி கொண்டுவரும் கப்பல் நின்றது. அந்தச் சமயத்தில்தான் திருவிழாவுக்கு ஆறு கூண்டுகள் வேண்டுமென்று கோயிலில் கேட்டார்கள். பாய் கடையில் மிஞ்சிக் கிடந்தவற்றை ஒரு பகல் முழுவதும் சலித்தும், மஞ்சள் ஐந்து கூண்டுக்குத்தான் ஒத்துவந்தது. ஆறாவதற்குக் கிடைத்த மஞ்சளில் லேசாகப் பச்சை ஓடியது. அது அண்ணனை உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் கோயிலின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். நடுமண்டபம் ஊர்த்தெருக்காரர்களுக்கு; கிராதிக்கு இப்பால், பக்கச் சிறகு சேரியாரான நமக்கு. விளக்குகள் நடுமண்டபத்தில் தொங்கின. நம் பக்கத்திலிருந்து இரண்டுதான் தெரியும். திருவிழா மாலை, பூசைக்கு முன், அண்ணன் கிராதியைத் தாண்டிப் போய் ஆறாவது விளக்கின் கீழ் அண்ணாந்து நின்றார். கோயில் காரியக்காரர் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். யாரைக் கேட்டு வந்தாய் என்றார். கூட்டம் முழுவதும் பார்த்தது. இம்மலரைப் பெறுகிறவர்களில் பாதிப்பேர் அங்கிருந்தீர்கள்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த என்னை அண்ணன் பார்த்தார்.

“பூசைக்கு வர்ல தம்பி. வெளிச்சம் எப்படி வுழுதுன்னு பாத்துக்கினு போயிடறேன். நீ அவருகிட்ட சொல்லு.”

நான் சொன்னது இது: “வெளிய போயிடுண்ணே. என் வேல போயிடும்.”

காரியக்காரர் இழுத்தபோது அசையாமல் நின்றவர், இதைக் கேட்டதும் நடந்து போய்விட்டார்.

அதன்பின் அண்ணன் கண்ணாடி வாங்கவில்லை. கொஞ்சம் சரக்கு வந்திருப்பதாகப் பாய் இரண்டு முறை ஆள் அனுப்பினார். அண்ணன் சலாம் சொல்லச் சொன்னதோடு சரி. விழுப்புரம் ரயிலடியில் கரி அள்ளப் போனார். நெஞ்சில் சளி கட்டி, இரண்டாண்டில் ஒடுங்கிப்போனார். என்னோடு சாப்பிட்டார், என் பிள்ளைகளைக் கொஞ்சினார். விளக்கைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்றிருந்தேன்.

இறந்த அன்று, சடலம் கொண்டுபோகும் கோயில் வண்டி நம் தெருவுக்கு வராது என்றுவிட்டார்கள். மூங்கில் வெட்டிப் பாடை கட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், கடைசிவரை கஞ்சி வைத்து ஊட்டிய அண்ணியாருக்கும், செய்தி கேட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்து கல்லறைவரை தோள் கொடுத்த பாய் அவர்களுக்கும் என் நன்றி. வேறு யாருக்கும் நன்றி சொல்ல எனக்குக் கடமை இல்லை.

இம்மலரின் ஒரு பிரதியைக் கோயில் காரியக்காரருக்கும் அனுப்பியிருக்கிறேன். அண்ணனை வெளியே அனுப்பிக் காப்பாற்றிக்கொண்ட வேலை இனி எனக்கு இருக்காது. அதை அன்றே விட்டிருக்கவேண்டும்.