கற்பூரமரப் பெட்டியின் அடிப்பலகை

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊரைவிட்டுக் கப்பலேறுகிறவர்களும் சைகோனிலிருந்து வந்து இறங்குகிறவர்களுமாகப் புதுச்சேரியில் எங்கே பார்த்தாலும் பெட்டிகள். அந்தப் பெட்டிகளால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. என் வீட்டுக்காரர் பழைய மரப்பெட்டிகளைச் செப்பனிடுகிறவர். நெல்லித்தோப்பில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறைதான் பட்டறை. மரமும் பித்தளையும் அவர் பாடு. உட்புறத்துப் பழைய காகிதத்தை உரித்துவிட்டுப் புதுத்துணி ஒட்டுவது என் பாடு.

விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். பெட்டி என்றால் எனக்குத் தெரிந்தது தகரப்பெட்டிதான். இங்கே வந்து பார்த்தபோது, ஆணியே இல்லாமல் பலகையும் பலகையும் விரல் கோத்தாற்போல் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வாசனை. உள்ளே ஒரு காகிதத்தை உரித்தால் அடியில் இன்னொன்று இருக்கும். பூப்போட்டது, கோடு போட்டது, யாரோ ஒரு வெள்ளைக்காரியின் ஆசைக்கு ஒட்டியது. உரிக்கிற வேலை எனக்கு அலுத்ததே இல்லை. அந்த ஒரு நாள் வரைக்கும் அதில் பயப்பட ஏதாவது இருக்கும் என்று தோன்றியதும் இல்லை.

அன்று காலையில் ஒரு பெண் கைவண்டியில் பெட்டியோடு வந்தாள். கல்யாணம் நிச்சயமான பெண். மாப்பிள்ளை பிரான்சில். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, இந்தோசீனாச் சண்டை முடிந்து திரும்பியவர். அந்த மாதிரி ஆட்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். பெட்டி அவருடையது. நல்ல கற்பூரமரம், மூலைக்கு மூலை பித்தளை, மூடியில் ஒரு வெடிப்பு.

"அப்பா காரைக்கால் போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள புதுசாட்டம் பண்ணிக் குடுத்துடுங்கக்கா. பாத்ததும் அசந்துடணும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் கீல் வாங்கக் கடலூர் போயிருந்தார். வீட்டில் நானும் இரண்டரை வயது மகளும்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அடிக்காகிதத்தை உரித்தபோது ஒரு பலகை மட்டும் அசைந்தது. செல் அரித்திருக்கும் என்று உளியை நுழைத்து நெம்பினேன். பலகை தூக்கிக்கொண்டு வந்தது. அடியில் அசல் பலகை. இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் ஆழத்துக்கு இடம். அதில் காக்கிக் காலுறையில் சுற்றிய உருண்டை ஒன்று. கனமாக இருந்தது. ஏதோ எடைக்கல் என்று நினைத்து, உரித்த காகிதத்தோடு ஓரமாக வைத்துவிட்டுப் பலகையின் பசையைச் சுரண்ட ஆரம்பித்தேன். மகள் ஜன்னலடியில் மரத்தூளில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு மனிதர். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஓடி வந்திருக்கிறார்; மூச்சு வாங்கியது. "அந்தப் பொட்டி..." என்று ஆரம்பித்ததுமே அந்தப் பெண்ணின் அப்பா என்று புரிந்தது; காரைக்காலிலிருந்து முன்னாலேயே திரும்பியிருக்கிறார். தூக்கி வைத்திருந்த பலகையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். எடுத்த அடியை அப்படியே நிறுத்திவிட்டார்.

நானும் பார்த்தேன். மகள் காலுறையை உருவிப் போட்டுவிட்டாள். மடியில் இரும்பில் செய்த சீத்தாப்பழம் மாதிரி ஒன்று. அதன் தலையில் ஒரு வளையம். வளையத்துக்குள் அவள் ஆள்காட்டி விரல்.

"கத்தாதம்மா. ஓடாத. மெதுவா புள்ளகிட்ட போ" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"என்னா ஐயா அது?"

"குண்டு."

கையிலிருந்த உளியை மெல்லத் தரையில் வைத்தேன். "நீங்க வாங்கய்யா, நீங்க எடுங்க."

"நான் வந்தா புள்ள மெரண்டு கைய இழுத்துக்கும். அந்த வளையம் கழலக் கூடாதும்மா. நீதான் போவணும்."

சொல்லிக்கொண்டே வாசலிலேயே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். நின்றால் பிள்ளை பயப்படும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். மகள் என்னைப் பார்த்ததும் பிடுங்கத்தான் வருகிறேன் என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்து" என்றாள்.

"ஆமாண்டி கண்ணு, ஒன்துதான். அம்மா பாக்கட்டுமா?"

பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு கையையும் குண்டோடு சேர்த்து என் கைக்குள் பொத்திக்கொண்டேன். அவள் மடிச்சூட்டில் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. விரலை மெல்ல அசைத்துப் பார்த்தேன். வியர்வையில் மாட்டிக்கொண்டிருந்தது.

"வரலைய்யா. விரலு மாட்டிக்கிச்சு."

"இழுக்காத! எண்ணெ இருக்கா?"

மரத்துக்குப் பூசுகிற எண்ணெய் டப்பா வாசல் பக்கத்துப் பலகை மேல் இருந்தது. கண்ணால் காட்டினேன். அவர் அதை எடுத்துத் தரையோடு தரையாகத் தள்ளினார். எட்டி இழுத்து, ஒரு கையால் அவள் கையைப் பொத்திக்கொண்டே, மறு கையால் எண்ணெயைத் தொட்டு விரலில் விட்டேன். அவளுக்குக் கூச்சம். சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க உடம்பு குலுங்கியது. அந்தச் சிரிப்பைப் போல என்னைப் பயமுறுத்தியது பிற்பாடு எதுவுமே இல்லை.

"அசையாத கண்ணு. எண்ணெ தேச்சிக் குளிக்கலாம். மொதல்ல விரலுக்கு" என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். வளையத்தை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலைச் சிறிது சிறிதாகப் பின்னால் தள்ளினேன். ஒரு கணு வந்தது. பிறகு வழுக்கிக்கொண்டு முழுதும் வந்தது. குண்டை என் மடிக்கு வாங்கிக்கொண்டு அவளை இடது கையால் வளைத்துத் தூக்கினேன். பொம்மை போயிற்று என்று வீறிட்டு அழுதாள். சொல்தா தவழ்ந்தே வந்து, என் மடியில் கிடந்ததை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி எடுத்துக்கொண்டார். "மாதாவே, மாதாவே" என்பது மட்டும் அவர் வாயிலிருந்து வந்தது.

பித்தளை துலக்க ஒரு வாளியில் மணல் வைத்திருப்போம். அதில் அதைப் புதைத்தார். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ காய்ந்த வடாத்தை அள்ளியபடி பேசுவது கேட்டது. ஒரே சுவர் நடுவில். எனக்குத் தெருவில் நின்று எல்லாரையும் ஓடச்சொல்லிக் கத்த வேண்டும் போலிருந்தது.

"போலீசுக்குச் சொல்லிடலாம் ஐயா."

"சொல்லும்மா. வேணான்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. ஆனா அவங்க வந்து பாத்து, ஆளு கூப்புட்டு, அதுவரிக்கும் இது இங்கதான் கெடக்கும். நான் இப்பவே கடலுக்குக் கொண்டுபோறேன்."

"எதுக்கு இத வச்சிருந்தீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அங்க சண்டையில புடிபட்டா உசுரோட கெடைக்கக் கூடாதுன்னு எனக்குன்னே வச்சிருந்தது. கப்பல்லயே வீசியிருக்கலாம். எடுத்து எடுத்துப் பாப்பேன், வைப்பேன். இது இல்லாம அப்பல்லாம் தூங்கவே முடியாது. கடசியா காயிதத்த ஒட்டி மூடினேன். பொண்ணு பொட்டியக் குடுத்துட்டேன்னு சொன்னதும்..." குனிந்து வாளியைத் தூக்கினார்.

வாளியை நெஞ்சோடு அணைத்தபடி சந்து வழியாக நடந்து போனார். சைக்கிள் வேண்டாம், குலுங்கும் என்றார். குப்பத்தில் ஒரு கட்டுமரக்காரர் பழக்கமாம்.

அதற்குப் பிறகுதான் பயம் முழுசாக வந்தது. மகளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துவைத்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு லாரி கதவு சாத்தினால் உடம்பு தூக்கிப்போட்டது. ஆலைச் சங்கு ஊதியபோது மகளைக் கவிழ்த்துப் போட்டு அவள் மேல் படுத்துவிட்டேன். தினம் கேட்கிற சங்குதான். அவர் போகிற வழியில் பள்ளிக்கூடம் இருக்கிறதே, இப்போது விடுகிற நேரமாயிற்றே என்று நினைத்துக்கொண்டபோது வாந்தி வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் சொல்தா திரும்பி வந்தார். மார்பு வரைக்கும் நனைந்திருந்தது. காலி வாளியை வாசலில் வைத்தார். "ஆழத்துல போட்டாச்சு. அப்படியே முங்கிடிச்சி" என்றார். தெருவென்றும் பார்க்காமல் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் ஆறுதல் சொல்ல வரவில்லை. அவர்மேல் அவ்வளவு ஆத்திரம்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மகளின் விரலை வாங்கிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொட்டிய அப்படியே திருப்பி அனுப்பிடறேன்" என்றார்.

"அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சி? அவங்கப்பா வரட்டும். அவரு கையாலயே மிச்ச பலகையெல்லாம் எடுத்துக் காட்டட்டும். அப்புறம் நான் தொடறேன்."

சொல்லியனுப்பியதும் மறுநாள் காலை சொல்தா வந்தார். மகளைப் பக்கத்துத் தெரு உறவுக்காரர் வீட்டில் விட்டிருந்தேன். சொல்தா தரையில் சம்மணம் போட்டு, என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பலகையாகக் கழற்றி வெயிலில் சாய்த்து வைத்தார். மரத்தூளும் ஒரு செத்த பூச்சியும் தவிர ஒன்றும் இல்லை. பெட்டி வெறும் சட்டமாக நின்றதும், "போதுமாம்மா?" என்று கேட்டார். போதும் என்றேன். உள்ளே கையை விட எனக்கு மேலும் ஒரு வாரம் ஆயிற்று. சின்னப் பூப்போட்ட நீலத்துணி ஒட்டினேன். நான் ஒட்டியதிலேயே அதுதான் சுருக்கம் இல்லாமல் அமைந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அந்தப் பெண் கல்யாணம் முடிந்து அதே பெட்டியோடு கப்பலேறினாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய அப்பா அதற்குப் பின் எங்கள் தெரு வழியாகப் போனால் எதிர்ச் சாரியில்தான் போவார். என் மகள் கண்ணில் பட்டால் தொப்பியைக் கழற்றிவிடுவார். அவளுக்கு அது வேடிக்கை, கை ஆட்டுவாள்.

மகளிடம் இதைச் சொன்னது அவளுக்கே பிள்ளை பிறந்த பிறகுதான். "நெசமாவாம்மா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியே" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள், தன் பிள்ளை எங்கே என்று திடீரென்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.