ஸ்கேனுக்கு முன் குடித்த தண்ணீர்

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் நாங்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டோம். ஒதுங்க மறைவு கிடையாது. எழுபதுகளின் கடைசியில், வயிற்றுப்பிள்ளை அசையவில்லை என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோதும் அதே பழக்கத்தில் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்தான் போனேன்.

"மூத்திரப்பை நிறைஞ்சாத்தான் பிள்ளை தெரியும். நல்லா தண்ணி குடிங்க, போயிடாம அடக்கிக்கிட்டு வாங்க. ஸ்கேன் வலிக்காது," என்றார் நர்ஸ்.

"ஏளா, மடமடன்னு குடி," என்று வீட்டுக்காரர் செம்பை நீட்டினார். நான் மெதுவாகவே குடித்தேன். குடித்து முடிக்கும்வரை யாரும் எனக்குக் கெட்ட சேதி சொல்ல முடியாதே!

வயிற்றில் எண்ணெய் தடவிக் கருவியை வைத்து நகர்த்தினார்கள். வலிக்கவில்லை.

"துடிப்பு இல்லம்மா," என்றார் டாக்டர்.

அழ வாய் திறந்தேன். அடிவயிறு முட்டியது. முதலில் கக்கூசுக்குத்தான் ஓடினேன். என் பிள்ளைக்காக அழுதது அதற்கப்புறம்தான்.