ஒரு டொலர் கூடிய மணி ஓடர்

அஜின்கோர்ட்டில் ஒரு சட்ட உதவி நிலையத்தில் படிவம் நிரப்புவது என் வேலை. பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைவு. இருந்ததையும் வழக்குப் போட வந்த ஒரு அன்ரி சோதித்துப் பார்த்தார்.

அவருடைய மகன் சிறையில் இருந்தான். அறையைச் சோதித்த காவலர் ஒருவர் அவனுடைய மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டார். எத்தனை முறை எழுதிக் கேட்டும் புதியது கிடைக்கவில்லை. தாய் தமிழில் எழுதிய கடிதங்களை அவனாலும் வாசிக்க முடியவில்லை, வாசித்துச் சொல்ல அங்கே தமிழ் தெரிந்தவரும் இல்லை. அதற்காகத்தான் வழக்கு. கண்ணாடி உடைந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

“கைதிக்கு வருமானம் இல்லை அன்ரி. வழக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். மகன் அதுக்கான படிவத்தில கையெழுத்தும் போட்டிட்டார்,” என்றேன்.

“வேண்டாம் பிள்ளை. காசு கட்டாத வழக்கை ஆர் மதிப்பினம்? ஒரு மூலையில போட்டிடுவினம்.”

மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் இதே பதில். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கெடுவின் கடைசி நாளன்றுதான் கட்டணத்துக்கான மணி ஓடரை வெள்ளைக் கவரில் போட்டு, மூலையில் மஞ்சள் தடவிக் கொண்டுவந்தார். இருவரும் நீதிமன்றத்துக்கு ஓடினோம். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் தந்தாள். ஒரு டொலர் கூடிவிட்டதாம், சரியான தொகைதான் வேண்டுமாம்.

“ஒண்டு கூட வைச்சால்தானே பிள்ளை நல்லது நடக்கும்?” அன்ரியின் குரல் இறங்கிப்போனது.

காலையில் நானும் அதைப் பார்த்தவள்தான். கலியாண வீட்டுக் கவரில் நூற்றொன்று வைத்தே பழகியதால் எனக்கு அது பிழையாகப் படவில்லை. பிறகு யாரைக் கோபிப்பது?

கவுண்டர் மூடப் பத்து நிமிடம். நிலையத்துக்கு வருபவர்களுக்காக நாங்கள் பணம் கட்டக்கூடாது. அன்ரியிடம் பஸ் கார்டைத் தவிர ஒன்றுமில்லை. மகன் கையெழுத்திட்ட படிவத்தை ஃபைலில் இருந்து எடுத்து அவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

அந்தப் பெண் அதை வாசித்து, வழக்கு மனுவில் முத்திரை குத்தித் தந்தாள். அன்ரி முத்திரையை விரலால் தடவினார்.

“காசு கட்டின ஆக்களுக்கும் உதே முத்திரைதானோ?”

“ஓம் அன்ரி, உதேதான்.”

வழக்கு விசாரணைக்கு வருமுன்பே சிறையில் கண்ணாடி கொடுத்துவிட்டார்கள். அன்ரி மகனின் கடிதத்தோடு நிலையத்துக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என்னையே வாசிக்கச் சொன்னார்.

“அம்மா, ரெண்டு வருசக் கடிதமும் கிடக்குது. ஒரு நாளைக்கு ஒண்டுதான் வாசிக்கிறன். எல்லாத்தையும் ஒண்டா வாசிச்சால் கெதியா முடிஞ்சு போயிடும்.”